வெள்ளி ரூபாயின் நிறம்: எது இயல்பான டோனிங், எது சேமிப்பால் வந்த கேடு?

ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்களைப் பல ஆண்டுகளாகப் பலவித உறைகளில் வைத்துக் கவனித்து வருகிறேன். ஒரே அலமாரியில் இருந்தும் அவை ஒரே விதமாக நிறம் மாறவில்லை. கடலோர உப்புக்காற்றும் ஈரமும் எல்லாவற்றையும்தான் தொட்டன; வேறுபாட்டை உண்டாக்கியது நாணயத்தோடு ஒட்டியிருந்த பொருள்.

காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிவதால் மேற்பரப்பில் உருவாகும் வெள்ளி சல்பைடுப் படலமே டோனிங். மழைநாளில் தார்ச்சாலையில் படர்ந்த எண்ணெய் நிறம் காட்டுவதைப் போலவே, இந்தப் படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது: முதலில் வெளிர் பொன்னிறம், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், மிகவும் தடித்தபின் கருஞ்சாம்பல். காகித உறையில் கிடந்த ரூபாய்களில் விளிம்பில் நீலமும் உள்ளே செல்லச் செல்லப் பொன்னிறமுமாக இந்த வரிசை படிப்படியாக இறங்குவதைக் காண்கிறேன். இடைநிறங்கள் இல்லாமல் நீலம் சட்டென்று வெண்மையில் முடிந்தாலோ, எழுத்துகளின் மேடுபள்ளத்தைப் பொருட்படுத்தாமல் நிறம் பூசியதுபோல் படர்ந்திருந்தாலோ, அதைச் செயற்கை நிறமூட்டல் என்றே முதலில் சந்தேகிப்பேன்.

நான் மிகவும் நம்புவது ஒளிச் சோதனையைத்தான். புழக்கத்துக்குப் போகாத நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், அச்சடிக்கும்போது உலோகம் பரவியதால் உண்டான பளபளப்பு கதிர்க்கற்றையாகச் சுழலும். நிறத்தின் ஊடாகவும் அது தடையின்றிச் சுழன்றால் உலோகம் பழுதுபடவில்லை. நிறமுள்ள இடத்தில் மட்டும் அது மங்கி நின்றுவிட்டால், படலம் மிகவும் தடித்துவிட்டது அல்லது அதன் அடியில் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறது. தேய்ந்த நாணயங்களில் இச்சோதனை பயன்படாது. அவற்றில் பள்ளங்கள் கருத்தும் மேடுகள் வெளுத்தும் இருப்பதே இயல்பு.

கேடுகளில் கொடியது, மென்மையான பிவிசி எனும் பிளாஸ்டிக் உறைகளால் வருவது. பிவிசி சிதையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து, கலப்புலோகத்திலுள்ள செம்பைத் தாக்கிப் பசைபோன்ற பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்டது. 1940 முதல் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்து, செம்பு 40 சதவீதமானது. ஆகவே ஆறாம் ஜார்ஜ் உருவம் பொறித்த பிற்கால ரூபாய்களை இத்தகைய உறையில் வைக்கவே கூடாது. களிம்பு தொடக்க நிலையில் இருந்தால், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனை ஊற்றி நாணயத்தைத் தேய்க்காமல் ஊறவைத்தால் நீங்கிவிடும். நகச்சாயம் அகற்றும் திரவம் இதற்கு உதவாது. அசிட்டோன் டோனிங்கைத் தொடுவதில்லை என்பதால், கரைந்து போவது எது, நிலைத்திருப்பது எது என்று பார்ப்பதே ஒரு சோதனையாகவும் அமைகிறது. ஆனால் அரிப்புக் குழிகள் விழுந்துவிட்டால் மீட்பு இல்லை.

நாணயத்தின் குறுக்கே கருங்கோடு இருந்தால் பெரும்பாலும் அது கந்தகம் கலந்த ரப்பர் பேண்டின் வேலை. அட்டை உறையின் இரும்புப் பின்கள் இந்தக் கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்துச் செந்நிறக் கறையை விடுகின்றன. விரல்ரேகை வடிவிலான கறையும் கேடுதான். பூசைப் பெட்டியிலிருந்து வரும், விக்டோரியா உருவம் பொறித்த ராணி ரூபாய்களைத் திருநீறு கொண்டு துலக்கியிருப்பார்கள்; அந்த வெண்மை கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் நுண்கீறல்கள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம்.

இப்போது பாலியஸ்டர் படலம் கொண்ட உறைகளையும் அக்ரிலிக் கேப்சூல்களையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதைத் தவிர இம்முறையில் எனக்குக் குறையில்லை. சௌகார்பேட்டையில் வாங்கும்போதும், நாணயத்தை உறையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லி, பிவிசி வாடை வருகிறதா என்று உறையை முகர்ந்து, பிறகு விளிம்பின் வரிப்பள்ளங்களைப் பார்க்கிறேன். முகப்பைத் துடைத்து விற்பவர்களும் அந்தப் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் பச்சைக் களிம்பை விட்டுவிடுகிறார்கள்.