எம்பி3, ஓபஸ், ஃபிளாக்: எதை எதற்கு மாற்றலாம்?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் நம்மவர்கள் வீடுகளில் ஒலிக்கோப்புகள் இரண்டு விதமாகச் சேர்ந்திருக்கின்றன. ஊரிலிருந்து வாட்சப்பில் வரும் ஆச்சியின் குரல், கோயில் கொடையில் யாரோ பதிவு செய்த வில்லுப்பாட்டு இதெல்லாம் ஒரு வகை. ஒரு காலத்தில் கேசட்டிலிருந்து எடுத்துவைத்த எம்பி3 இன்னொரு வகை. வாட்சப் குரல் பதிவு ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் வருவதால், பென்டிரைவ் செருகும் பழைய ஸ்பீக்கரில் பாடாது. அதை எம்பி3 ஆக்கலாம். ஆனால் பழைய எம்பி3யை ஓபஸ் ஆக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தரத்தில் ஓபஸ்தான் மேல். 2012இல் தரநிலையாக வந்த இது, ஸ்கைப் பேச்சுக்காக உருவாக்கிய சில்க், இசைக்கான செல்ட் என்ற இரண்டு நுட்பங்களும் கலந்தது. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் வில்லுப்பாட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெறும் பேச்சு என்றால் ஓபஸில் 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) போதும், ஒரு மணி நேரம் சுமார் 14 மெகாபைட்தான் வரும். அதே ஒரு மணி நேரம் 128 கேபிபிஎஸ் எம்பி3யில் ஏறக்குறைய 58 மெகாபைட் பிடிக்கும். எம்பி3யின் பிட்ரேட்டை, அதாவது இந்தக் கேபிபிஎஸ் அளவைக் குறைத்தால் முதலில் அடிபடுவது ஜால்ராதான், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். உடுக்கையின் அடியும் கூர்மை இழக்கும், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கசியும்.

ஆனாலும் எம்பி3 எதிலும் பாடும். லேமிங்டன் ரோட்டில் வாங்கிய சின்ன ஸ்பீக்கர், பழைய கார் ஸ்டீரியோ, டிவிடி பிளேயர் எல்லாம் அதை ஏற்றுக்கொள்ளும். உரிமக் கட்டணச் சிக்கலும் 2017இல் முடிந்துவிட்டது. ஏஏசி என்ற இன்னொரு வடிவம் தரத்தில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐபோன் பதிவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, பழைய கருவிகளில் பாடுமா என்பது கருவியைப் பொறுத்தது.

எம்பி3, ஓபஸ் இரண்டுமே காது கவனிக்காது என்று நினைக்கும் ஒலியைத் தூக்கி எறிந்துதான் கோப்பைச் சின்னதாக்குகின்றன. எறிந்தது திரும்ப வராது. எம்பி3யை ஓபஸ் ஆக்கினால், எம்பி3யில் ஏற்கெனவே இருக்கும் சிதைவையும் சேர்த்துச் சுருக்குவதுதான் நடக்கும். கேசட் இன்னும் கையில் இருந்தால் அதிலிருந்தே மறுபடி எடுத்து, எதையும் எறியாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். ஒரு 60 நிமிடக் கேசட் சுருக்காத சிடி தர வேவ் கோப்பாக 635 மெகாபைட் வரும், ஃபிளாக்கில் பெரும்பாலும் பாதி அளவுக்கு இறங்கும். ஒரு துளி ஒலிகூடப் போகாது. நாடா நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எப்படி மாற்றுவது? கோப்பின் பெயர்க் கடைசியில் எம்பி3 என்று போட்டுவிட்டால் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பீக்கர் அதைத் திறக்கப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். கணினியில் விஎல்சி அல்லது ஆடாசிட்டி போதும், இரண்டும் இலவசம். நிறைய கோப்புகள் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் ஒரே கட்டளையில் முடித்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் குரலை முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றி மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

எம்பி3 ஆக்கும்போது பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தடம்), 96 கேபிபிஎஸ் வைத்தால் போதும். 320 வைத்தால் கோப்புதான் பெருத்துவிடும், குரல் அதனால் கூடுதல் தெளிவாகாது. சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை) 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், வேறு அளவில் சில பழைய பிளேயர்கள் முரண்டு பிடிக்கும். பென்டிரைவை ஃபேட்32 என்ற வகையில் ஃபார்மட் செய்யுங்கள். பாட்டின் பெயரைத் தமிழில் வைத்தால் பழைய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியலாம், அதனால் எம்பி3 பிரதிகளுக்கு மட்டும் 01, 02 என்று எண் போட்டுவிடுங்கள்.

அப்புறம், வந்த ஓபஸ் கோப்பை அழிக்காதீர்கள். அதைத் தமிழ்ப் பெயரோடு, யார் குரல், எந்த வருஷம் என்று எழுதி ஹார்ட் டிஸ்கில் தனி ஃபோல்டரில் வையுங்கள். எம்பி3 பிரதி எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.