14,500 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் கோடு

இன்று காலையில்தான் என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பார்த்தேன். வயிறு இன்னும் எரிகிறது. வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு அப்புறம் சர்வீஸுக்குக் கொடுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய்.

என்னுடையது பழைய வாக்ஸ் ஏசி15 கிட்டார் ஆம்ப் பாணியில் நண்பன் கட்டிக் கொடுத்தது. முதல் வால்வு ஈஎஃப்86, அதாவது ஐந்து மின்முனை உள்ள பென்டோடு (மூன்று முனை என்றால் ட்ரையோடு). எலக்ட்ரான்கள் கேத்தோடில் கிளம்பிப் பிளேட்டுக்குப் போகும், நடுவில் இருக்கும் ஸ்க்ரீன் அவற்றை இழுக்கும். 280 வோல்ட் சப்ளையில் பிளேட்டில் 80 வோல்ட்தான் நின்றது. கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே அலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் ஆம்ப் சர்வீஸ் விளம்பரம் பார்த்துத்தான் ஒரு ஆளிடம் போனேன். ஐந்தே நிமிடத்தில் மயங்கிவிட்டேன். "சார், இது ட்ரையோடு இல்ல, கேத்தோடை மட்டும் மாத்திட்டு விடறதுக்கு. பென்டோடுல ஸ்க்ரீன் வோல்டேஜ்தான் கரண்ட்டைப் பிடிச்சு வைக்கும். பிளேட் 220கே, கேத்தோடு 2.2கே ரெண்டும் அப்படியே இருக்கட்டும். ஸ்க்ரீன்ல இருக்கிற 1 மெக்கை 1.5 மெக் ஆக்கிடறேன், பிளேட் தானா 120 தாண்டும்." எல்லாம் ரெசிஸ்டர் அளவுகள்: கே என்றால் ஆயிரம் ஓம், மெக் என்றால் பத்து லட்சம் ஓம். இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வால்வும் சோர்ந்துவிட்டதாம், அவரிடம் பழைய பிரிட்டிஷ் தயாரிப்பான மல்லார்ட் இருக்கிறதாம். வால்வு 9,000, கூலி 5,500. ஆப் வழியாக வேண்டாம், நேரடியாகப் போடுங்கள் என்றார். ஜிபேயில் 14,500 போட்டேன், நின்ற இடத்திலேயே.

வீட்டுக்கு வந்து மாட்டினால் தொண்டையில் துணியை அடைத்தது போல ஒரு சத்தம். கேட்டேன். "வால்வு செட் ஆகணும் சார், இருபது மணி நேரம் வாசிங்க." வாசித்தேன். "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல." பிறகு என் கிட்டார் பிக்கப் சரியில்லை. பிறகு அவர் ஊரில் இல்லை. பிறகு நீல டிக் மட்டும். ஆப்காரர்களோ, வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இன்று மீட்டர் வைத்தால் பிளேட்டில் 22 வோல்ட். ஸ்க்ரீன் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பார்த்தேன்: பழுப்பு, பச்சை, மஞ்சள். 150கே! 1.5 மெக்குக்குப் பழுப்பு, பச்சை, பச்சை வர வேண்டும். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் அழகாக "1.5எம்" என்று எழுதியிருக்கிறார். போட்டதை ஒரு தடவைகூட அளக்கவில்லை. ரெண்டு ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றை நானே மாற்றினேன், பிளேட் 126க்கு வந்தது, சத்தமும் வந்தது. 14,500 வரவில்லை.

வால்வு? அசல் மல்லார்டில் கண்ணாடி அடியில் பொறித்த குறி இருக்கும், இதில் அது இல்லவே இல்லை. மேல் அச்சு அழிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அசல் மல்லார்டிலும் அது அழியும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். பிளேட், ஸ்க்ரீன், கேத்தோடு மூன்றின் வோல்டேஜையும் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். நீங்களே பிரிப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகு கை வையுங்கள். கழற்றிய பழைய வால்வைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை அவரே வைத்துக்கொண்டார், அது நல்ல வால்வாகத்தான் இருந்திருக்கும்.