ஜிப்சி கிங்: விலை ஏறுது, ஸ்டீயரிங் ஆடுது

2007 மாடல் மாருதி ஜிப்சி கிங் (நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்), ஹார்ட்டாப், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் (எம்.பி.எஃப்.ஐ.) என்ஜின், ரெண்டாவது ஓனர். கேட்கிற விலை நியாயமா என்று நண்பர் ஒருவர் விசாரித்தார். பல வருஷமாக ஜிப்சி வைத்திருப்பவன் என்ற முறையில் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். 1298 சிசி என்ஜின், 80 குதிரைத்திறன், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் இந்த வண்டியைத் தேடி வருவீர்கள், அதனால் அதை விட்டுவிடலாம்.

விலை இறங்காததற்குக் காரணம் எளிது. 1985 கடைசியில் வந்த வண்டி, ஏர்பேக், ஏபிஎஸ் கட்டாயமானதும் 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையிலிருந்து போய்விட்டது. வரத்து நின்றது, தேவை நிற்கவில்லை. ரந்தம்பூர், கார்பெட் பக்கம் சஃபாரிக்கு ஜிப்சிதான் வேண்டும். நீலகிரி, வால்பாறை எஸ்டேட்காரர்கள் நல்ல வண்டியை எளிதில் கை மாற்ற மாட்டார்கள். 2023 ஜூனில் மாருதியின் புது ஜீப்பான ஜிம்னி வந்தால் ஜிப்சி சரியும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. நல்ல ஜிப்சி வைத்திருந்தவர் யாரும் அதற்காக விலையைக் குறைத்ததாக நான் பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் ஷோரூமிலேயே 6 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி விற்ற வண்டி. பத்து, பதினைந்து வருஷம் ஓடியதற்கு அதில் பாதிக்கு மேல் கேட்பது இன்று சாதாரணம்.

அந்த விலையைக் கொடுக்கத் தயாராக வருகிறவர் பெயிண்டையும் டயரையும் பார்க்கிறார், எல்இடி பார் இருக்கிறதா, வின்ச் இருக்கிறதா என்று பார்க்கிறார். முன் ஆக்சில் பக்கம் குனிவதே இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

60-லிருந்து 70 வேகத்துக்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். பிரேக்கை அழுத்தி 40-க்குக் கீழே கொண்டுவரும் வரை நிற்காது. ஜிப்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. இதற்குச் சந்தையில் ஒரு மலிவு வைத்தியம் உண்டு: புது ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்கும் சின்ன ஷாக் அப்சார்பர். மாட்டிய அன்றே ஆட்டம் அடங்கிவிடும், வண்டியும் விற்றுவிடும். டேம்பர் நோயை மூடத்தான் செய்யும், தீர்க்காது. பழைய வண்டியின் அடியில் எல்லாம் மண்ணும் கிரீஸுமாக இருக்க, டேம்பர் மட்டும் பளபளவென்று இருந்தால் விலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கிங்பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடது வலதாகத் திரும்பும் அச்சில் இருக்கும் பேரிங். ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் நாலு டேப்பர் ரோலர் பேரிங். தேய்ந்ததும் அதன் இறுக்கம் போய்விடும். கண்டுபிடிக்க ஒரு ஜாக்கியும் கூட ஓர் ஆளும் போதும். முன் ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ப்ளே (தளர்ச்சி) தெரிந்தால், கூட இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ப்ளே மறைந்தால் வீல் பேரிங், மறையாமல் இருந்தால் கிங்பின். பிறகு சக்கரத்தை இடது வலதாகப் பிடித்து ஆட்டினால் இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டின் கதை தெரிந்துவிடும். கடைசியில் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டிருக்க, நீங்கள் கீழே படுத்து டிராக் லிங்கையும் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பட்டையைச் சேஸிஸோடு பிடிக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். சக்கரம் திரும்பும் முன்பே பட்டை பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் போய்விட்டது.

சரிசெய்வதிலும் அவசரப்படுபவர்கள் அதிகம். பேரிங் செட்டை மாற்றிவிட்டு, பழைய ஷிம்மையே (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டு மூடிவிடுவார்கள், ஆறு மாதத்தில் ஆட்டம் திரும்பி வரும். சரியான வழி: நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, டை ராட் மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து இழுக்க வேண்டும். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்குள் காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஷிம்மைக் குறைக்க வேண்டும், மேலே என்றால் கூட்ட வேண்டும். 0.1 மி.மீ. ஷிம் ஒன்றே கணிசமான மாற்றம் தரும். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 2 முதல் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 205/70 ஆர்15-க்குப் பதில் கொழுத்த டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்ட வண்டியில் எல்லாம் புதிதாக மாற்றினாலும் ஆட்டம் சீக்கிரம் திரும்பும். காரணம், பேரிங்குக்கு வரும் நெம்பு விசை கூடிவிடுகிறது.

கூடவே நக்கிள் பந்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்லது. நீர்த்த எண்ணெய் வழிந்தால், உள்ளே ஆக்சில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸைக் கழுவிக்கொண்டு வருகிறது என்று பொருள். சீலை மாற்றும் முன் ஆக்சில் மேலே இருக்கும் பிரீதரை (காற்று வெளியேறும் துளை)க் கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி புதுச் சீலையும் தள்ளிவிடும். காசே ஆகாத வேலை, செய்பவர்கள் குறைவு.

என்ஜினைப் பற்றி பயம் வேண்டாம். எஸ்டீமில் இருந்த அதே ஜி13பிபி என்ஜின்தான், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை முழுக்க மாற்றிவிடுவது நல்லது.

விலையைத் தீர்மானிக்க வேண்டியது இரும்பு. மேட்டைத் தூக்கி தரைத் தகட்டைப் பாருங்கள், கண்ணாடி ஃபிரேமின் கீழ் மூலைகள், பின்கதவின் அடி விளிம்பு, பின் வீல் ஆர்ச் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். இவை துருப்பிடித்தால் டிங்கர் வேலையில் தேறும். சேஸிஸ் துருப்பிடித்தால் அந்த வண்டி வேண்டாம். பின் ஷேக்கிள் பிராக்கெட் ஒட்டும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்ற சத்தம் வர வேண்டும். பொத்தென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே பொரிந்திருக்கிறது. புதிதாகக் கருப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் இந்தத் தட்டலை இரட்டிப்பாகச் செய்யுங்கள்.

காகிதத்துக்கு வருவோம். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல ஆவணத்தில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓவர்ஹாலில் என்ஜின் மாறிய வண்டிகள் உண்டு. ஆலிவ் பச்சை நிறத்தை ரசித்து வாங்கிவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும்தான். எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) நிறுத்திவைத்தால் முழு வண்டிக்கும் பெயிண்ட் செலவு உங்கள் தலையில். டீசல் என்ஜின் ஏற்றிய ஜிப்சி ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்தால் அதற்கு மறுவிற்பனை மதிப்பே கிடையாது.

டெல்லி வண்டிகள் மலிவாக வரும். 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே இருந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததிலிருந்து தெற்கே வரத்து அதிகம். படிவம் 28-இல் வாங்கும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, பசுமை வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும். 15 வருஷம் முடிந்த ஆர்.சி.யைப் படிவம் 25-இல் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய் இருந்தது, பிறகு 5000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு உண்டு.

விலை ஏறிவிட்டது என்று மகிழ்பவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஐந்தாவது வருஷத்திலேயே ஐ.டி.வி.யில் (பாலிசி வண்டிக்குப் போடும் மதிப்பு) 50 சதவீதம் கழிந்துவிடும். அதற்குமேல் கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பேசிப் பாருங்கள், சந்தை விலையின் பக்கத்திலேயே வரமாட்டார்கள். பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் தருகிறோம் என்பவர்களும் உண்டு. நாலு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி மரம் விழுந்து நசுங்கினால் கைக்கு என்ன வரும் என்று யோசியுங்கள். வின்டேஜ் விதியில் சேர 50 வருஷம் ஆக வேண்டும், முதல் ஜிப்சிக்கே அது 2035-இல்தான். அதனால் வாங்கிய உடனே அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் படங்களோடு அறிக்கை வாங்கி, பாலிசி புதுப்பிக்கும் முன்பே கொடுத்து ஐ.டி.வி. பேசுங்கள். ஓரளவு ஏற்றித் தருவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. ஒரு டன்னை ஒட்டிய எடையில், 4எல் (நாலு சக்கர இயக்கத்தின் குறைவேக கியர்) போட்டால், மழையில் கரைந்த மண்பாதையில் முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஏறும் வண்டியை இன்று புதிதாக அந்த விலைக்கு யாரும் விற்கவில்லை. ஆனால் நண்பர் கேட்ட 2007 வண்டிக்கு என் பதில் இதுதான்: கிங்பின் வேலைக்கு பில் இருந்து, சேஸிஸ் தட்டலில் தேறி, ஆர்.சி. புதுப்பித்திருந்தால் கேட்ட விலையைக் கொடுக்கலாம். டேம்பர் மட்டும் புதிது என்றால் பேரிங், புஷ், டை ராட் எண்ட் முழுச் செலவையும் லேபரோடு கணக்கிட்டுக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள். ஜாக்கி போட்டுப் பார்க்க விடமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.