ஆறு மாத்திரையா, மூன்று மாத்திரையா: அம்மாவின் மருந்து டப்பாவில் நாங்கள் செய்த மாற்றம்

அம்மாவுக்கு 69 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரையும் 8 ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் இருக்கின்றன. சென்ற ஏப்ரல் வரை அவர் நாளுக்கு ஆறு மாத்திரைகள் எடுத்துவந்தார். காலையில் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் 40, சர்க்கரைக்குக் கிளிமிபிரைட் 1, மெட்ஃபார்மின் 500. இரவில் மீண்டும் மெட்ஃபார்மின் 500, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம். இன்று அதே மருந்துகளை, அதே மொத்த அளவில், மூன்று மாத்திரைகளாகக் காலையில் மட்டும் எடுத்துக்கொள்கிறார். டெல்மிசார்டானும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையில் வந்துவிட்டன. கிளிமிபிரைடும் மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராமும் இன்னொன்றில் சேர்ந்துவிட்டன. அட்டோர்வாஸ்டாடின் உடலில் நீண்ட நேரம் வேலை செய்வதால், அதை இரவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று மருத்துவர் காலைக்கே மாற்றித் தந்தார்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: தனித்தனி மாத்திரைகளை அப்படியே தொடர்வது, ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்கிப் பிரித்து வைப்பது, இரண்டு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு மாறுவது. நான் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தவன். ஏன் சாய்ந்தேன் என்பதையும், அந்தச் சாய்வு எங்கே ஆட்டம் காண்கிறது என்பதையும் சொல்கிறேன்.

விழுங்குவதற்கு எது எளிது என்பதில் பேச அதிகமில்லை. ஆறை விட மூன்று எளிது. ஆனால் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரை பெரியது, அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. தொண்டையில் சிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு சிறிய மாத்திரைகளே மேல். மாதச் செலவில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு ஏதும் தெரியவில்லை.

மாத்திரைப் பெட்டி பலருக்கு நன்றாகவே பயன்படுகிறது. இன்று எடுத்தோமா இல்லையா என்ற குழப்பத்தை அது உடனே தீர்த்துவிடும். அதைத்தான் நானும் முதலில் வாங்கினேன். ஆனால் டெல்மிசார்டான் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் மருந்து. விழுங்கும் நேரம் வரும்வரை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம் என்பதுதான் அதற்கான அறிவுரை. ஐப்பசி மழையில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் சமையலறையில், ஒரு வாரத்துக்கு முன்பே பிரித்த மாத்திரையை வைத்திருப்பது சரியாகப்படவில்லை. அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, தாளோடு பெட்டியில் போட்டுப் பார்த்தோம். அதன் கூரிய முனைகள் அம்மாவின் விரல்களைக் கீறின. மூன்று வாரத்தில் பெட்டி ஊசி நூல் வைக்கும் இடமாகிவிட்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவுமல்ல, அட்டைகள் தீர்ந்துபோகும் நாள்தான். ஏப்ரல் பரிசோதனையில் அம்மாவின் ரத்த அழுத்தம் 164/92 என்று வந்தது. அளவைக் கூட்டலாமா என்று யோசித்த மருத்துவர், எழுதுவதற்கு முன், "மாத்திரை விடாமல் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. வீட்டுக்கு வந்ததும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மருந்துக்கடை ரசீதுகளை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். 90 நாட்களுக்கு டெல்மிசார்டான் 15 மாத்திரை அட்டை ஆறு வாங்கியிருந்தார். கணக்கு சரியாக இருந்தது. அம்லோடிபின் 10 மாத்திரை அட்டை ஏழுதான் இருந்தது. 20 நாட்களுக்கு மாத்திரையே இல்லை. மெட்ஃபார்மின் 15 மாத்திரை அட்டை பன்னிரண்டு தேவை. ஒன்பதுதான் வாங்கப்பட்டிருந்தது, 45 மாத்திரைகள் குறைவு.

காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமாக இல்லை. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு அட்டை வாங்கினால், மெட்ஃபார்மின் 15 நாளில் தீரும், அம்லோடிபினும் கிளிமிபிரைடும் 20 நாளில் தீரும், மற்ற இரண்டும் 30 நாள் வரும். ஒரே மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் கடைக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது முடியாது. "அது தீர்ந்துபோச்சுப்பா, நீ வரும்போது மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். மத்ததெல்லாம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். வீட்டில் இருந்த மாத்திரை எதையும் அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. வீட்டில் இல்லாததைத்தான் எடுக்கவில்லை. இது தெரியாமல் அளவைக் கூட்டியிருந்தால், எல்லா அட்டையும் ஒருசேர இருக்கும் வாரத்தில் அவருக்குத் தலைசுற்றல் வந்திருக்கும்.

கூட்டு மாத்திரையில் இந்தப் பிசகுக்கு இடமில்லை. ஒன்று இருந்தால் இரண்டும் இருக்கும். இப்போது எங்களுக்கு வரும் மூன்று மருந்துகளும் 15 மாத்திரை அட்டைகள். முதல் தேதியில் இரண்டிரண்டு வாங்கினால் மூன்றும் ஒரே நாளில் தீர்கின்றன. மருத்துவரிடம் போகிறவர்கள் மாத்திரைகளின் எண்ணிக்கையோடு, ஓர் அட்டைக்கு எத்தனை என்பதையும் கடையில் கேட்டுவைப்பது நல்லது. காசநோய்ச் சிகிச்சையிலும் ஏறக்குறைய இதே காரணம்தான் செயல்படுகிறது. பல மருந்துகளில் ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும் என்பதால், மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, உடல் எடைக்கேற்ற எண்ணிக்கையில் நாள்தோறும் தரும் முறைக்கு நம் தேசியத் திட்டம் 2017இல் மாறியது.

ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிற்கின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலுமாக 2,004 பேரிடம் நடந்து 2013இல் வெளியான அம்பயர் ஆய்வில், ஆஸ்பிரின், கொழுப்பு மருந்து, இரண்டு ரத்த அழுத்த மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் 15 மாத முடிவில் மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தனர். வழக்கமான முறையில் 65 சதவீதம் பேர். ஆனால் அது அவர்களே சொன்ன கணக்கு, ரத்த அழுத்தத்தில் கிடைத்த வேறுபாடும் 2.6 புள்ளிதான். முன்பே விடாமல் எடுத்துவந்தவர்களை விட, அடிக்கடி விட்டுவந்தவர்களுக்கே பலன் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த கூட்டு மாத்திரைகளில் டெல்மிசார்டான் – அம்லோடிபின் ஜோடியும் ஒன்று. அதற்காக, சேர்த்து விற்கும் எல்லாமே நல்லவை என்று ஆகிவிடாது. சேர்க்கைக்கு மருத்துவ நியாயம் இல்லை என்று 2018இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது.

மாறும்போது எங்களுக்கு ஒரு தவறு நேர்ந்தது. மருத்துவமனையில் தந்த சீட்டில் புதிய மாத்திரைகளின் வணிகப் பெயர்கள் மட்டும் இருந்தன. பழையவற்றை நிறுத்தவும் என்ற வரி இல்லை. நானும் கேட்கவில்லை. டப்பாவில் மீதியிருந்த டெல்மிசார்டானை வீணாக்க வேண்டாம் என்று அம்மா புதியதோடு சேர்த்து நான்கு நாட்கள் எடுத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டு மாத்திரைக்கு மாறுகிறவர்கள் அன்றே பழைய அட்டைகளை வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

மருந்தின் அளவு இன்னும் நிலைப்படாதவர்களுக்குத் தனி மாத்திரைகளே சரி. ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் சுதந்திரம் அதில்தான் இருக்கிறது. வீட்டு வாசலுக்கே மருந்து வருகிற இடங்களிலும் என் வாதத்தின் வலு குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தில் எல்லா மருந்துகளும் ஒன்றாகக் கைக்கு வந்துவிட்டால், தனித்தனி நாளில் தீரும் சிக்கலே எழாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. அம்மாவின் ரத்த அழுத்தம் இப்போது 134/80ஐ ஒட்டி இருக்கிறது; ஆனால் அதே காலத்தில் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துக்கொண்டார், ஆகவே முழுப் பெருமையையும் மாத்திரைக்கே கொடுக்க மாட்டேன்.

எனக்கு இன்னும் கவலை தருவது வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்கள்தான். உடலில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டானையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு. சாப்பிடாமல் கிளிமிபிரைடு எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். தனி மாத்திரையாக இருந்தால் வேண்டாததை மட்டும் விட்டு அம்லோடிபினைத் தொடரலாம். கூட்டில் அது முடியாது. இதை மருத்துவரிடம் கேட்டு, அப்படிப்பட்ட நாளில் எதை நிறுத்துவது, எப்போது அவரை அழைப்பது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். அந்தத் தாளை டப்பாவின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடமும் காட்டி வைத்திருக்கிறேன்.