ஜெலட்டோடு இருபது வருடம்

நூறு மினரல் (தோண்டி எடுக்கும் கனிமம்), இரண்டு சப்ளை (படையில் பிடிக்கும் இடம்). 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டு வந்தபோது ஒரு ஜெலட்டின் விலை இதுதான். 2010-ல் இரண்டாம் பாகம் வந்தபோதும் இதே விலை. எனக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில் விலை ஏறாத ஒரே பொருள் இது. ஆனால் உயிருக்கு மேலே இருக்கும் கவசமான ஷீல்டை மட்டும் 60-லிருந்து 50 ஆக்கிவிட்டார்கள். விலையைத் தொடாமல் பாக்கெட்டில் ஒரு பிஸ்கெட்டைக் குறைப்பார்களே, அந்தக் கதைதான்.

தெரியாதவர்களுக்கு: புரோட்டாஸ் என்ற வேற்றுக்கிரக இனத்தின் போர்வீரன் இவன். வாய் கிடையாது, பேச்செல்லாம் மனதோடு மனது. டெம்ப்ளர் என்ற வீரர் குலத்தில் பிறந்து, காலம் காலமாகப் பயிற்சி எடுத்து, மணிக்கட்டுக் கவசத்திலிருந்து நீல ஒளிக்கத்தி இரண்டை நீட்டிக்கொண்டு நேருக்கு நேர் போய் வெட்டுவான். துப்பாக்கி கிடையாது. விண்கலம் ஓட்டும் இனத்துக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாதா என்று என் தம்பி கேட்டான். தெரியும், அது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

இந்தக் கதையை நம்பித்தான் நான் முதல் வருடம் முழுக்கத் தோற்றேன். இவ்வளவு பெரிய வீரன், ஒருவனை அனுப்பினால் போதும் என்று ஒவ்வொருவராக அனுப்பினேன். ஒவ்வொருவராகவே செத்தார்கள். ஒரு ஆட்டத்தில் பிடிவாதமாகப் பதினைந்து ஜெலட் கட்டிவைத்திருந்தேன். எதிராளி மியூட்டாலிஸ்க் எனும் பறக்கும் பூச்சிகளோடு வந்தான். பதினைந்து பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வானத்தில் இருப்பதை இவனால் தொடவே முடியாது. முதல் குறை இதுதான், இன்றுவரை தீரவில்லை.

அப்புறம் நண்பன் ஒருவன் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தான். என் ஆட்டமே அதோடு மாறியது. ஜெர்க் என்ற எதிரி இனத்தின் சின்னப் பிராணியான ஜெர்க்ளிங்குக்கு உயிர் 35. ஜெலட் ஒரு வீச்சுக்கு இரண்டு கத்தியாலும் எட்டு எட்டாக வெட்டுகிறான், மொத்தம் 16. இரண்டு வீச்சில் 32. அந்தப் பாழாய்ப்போன மூன்று புள்ளிக்காக மூன்றாவது வீச்சு வேண்டும். ஃபோர்ஜ் என்ற பட்டறைக் கட்டிடத்தில் ஒரே ஒரு ஆயுத மேம்பாடு செய்தால் எட்டு ஒன்பதாகிறது. 18-ம் 18-ம் 36. இரண்டே வீச்சில் ஜெர்க்ளிங் காலி. கத்திக்கு ஒரே ஒரு புள்ளிதான் கூடியது, மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். எதிராளி ஜெர்க்ளிங்கின் ஓட்டுக்கு ஒரு மேம்பாடு செய்துவிட்டால் கணக்கு பழையபடி மூன்று வீச்சுக்குத் திரும்பிவிடும் என்பது வேறு விஷயம். ஆகவே யார் முதலில் செய்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பல வருடம் ஆடியும் நடுவில் ஃபோர்ஜை மறந்துவிட்டு முழிப்பவன் நான்.

இரண்டாவது குறை கால். பழைய விளையாட்டில், வேகமாக ஓட வைக்கும் கால் மேம்பாடு வாங்காத ஜெலட்டை, டெர்ரான் என்ற மனித இனத்தின் வல்ச்சர் பைக்குக்கு எதிரே விட்டுப் பாருங்கள். ஓடும், திரும்பிச் சுடும், மறுபடி ஓடும். ஏறக்குறைய ஒன்பது குண்டில் இவன் கதை முடிந்துவிடும். அதுவரை கத்தியை ஒரு தடவைகூட வீசியிருக்க மாட்டான். பார்க்கவே பாவமாக இருக்கும். சிட்டடெல் ஆஃப் அடுன் என்ற கட்டிடத்தைக் கட்டி, 150 மினரலும் 150 கேஸும் (மினரல் போல இன்னொரு வளம்) கொடுத்துக் கால் வாங்கிய பிறகுதான் ஜெலட் நிஜமாக ஜெலட் ஆகிறான்.

அந்தக் கால் வந்த பிறகு டெர்ரான் டாங்கி வரிசையை உடைப்பதில் இவனுக்கு நிகர் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் அதுதான். ஊன்றி நிற்கும் சீஜ் டாங்கியின் குண்டு 70. ஆனால் அது வெடிவகைத் தாக்குதல், சிறிய உடம்புக்குப் பாதிதான் ஏறும். ஷீல்டு போன பிறகு ஜெலட்டுக்கு ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 35-தான். இன்னொன்று, ஊன்றிய டாங்கியால் தன் காலடியில் நிற்பவனைச் சுட முடியாது. பக்கத்து டாங்கிதான் சுட வேண்டும், அந்தக் குண்டு சொந்த டாங்கியையும் சேர்த்துக் கிழிக்கும். ஷட்டில் என்ற பறக்கும் வண்டியில் நான்கு ஜெலட்டை ஏற்றிக்கொண்டு போய் டாங்கிகளின் தலைமேல் இறக்கிவிட்டால் டெர்ரான்காரன் தன் ஆட்களைத் தானே சுட்டுக்கொண்டிருப்பான். புதைத்துவைத்த கண்ணிவெடிகளும் அப்படித்தான். ஜெலட்டைத் துரத்திக்கொண்டே வந்து டாங்கிக்குப் பக்கத்தில் வெடிக்கும். இது கைகூடிய நாளில் எனக்குச் சோறே வேண்டாம்.

இரண்டாம் பாகத்தில் காலுக்குப் பதில் சார்ஜ். எதிரி நெருங்கியதும் தானே பாய்ந்துவிடுவான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பழையதில் ஒவ்வொருவனையும் கையைப் பிடித்து அழைத்துப் போகும் சுகம் இதில் குறைவு. அதற்கு ஈடாக, எதிரித் தளத்தின் ஒரு மூலையில் ஒளித்துவைத்த பைலான் என்ற சின்னக் கட்டிடத்தைச் சுற்றி எட்டு ஜெலட்டை ஒரே நேரத்தில் இறக்கலாம். அவன் முன்வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கொல்லைப்புறத்தில் வேலையாட்கள் எல்லாம் காலி. 2015-ல் வந்த லெகஸி ஆஃப் தி வாய்டு கதைப்பகுதியில் சென்டூரியன், சென்டினல் என்று வேறு சாதி ஜெலட்டுகளும் உண்டு. செத்தும் எழுந்து நிற்கும் சென்டினலை வைத்து ஆடுவது எனக்குக் கொஞ்சம் ஏமாற்று வேலையாகவே பட்டது.

கதையில் ஃபீனிக்ஸ் என்று ஒருவன் வருவான். ஜெலட்டாகச் சண்டையிட்டு விழுந்து, மிச்ச உயிரோடு டிராகூன் என்ற நாலுகால் இயந்திரத்துக்குள் வைக்கப்பட்டுத் திரும்பி வருவான். அதைப் பார்த்த பிறகு டிராகூன்களை நான் திட்டுவதில்லை, அவை வழி தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றாலும்.

இப்போது வேலை முடிந்து இரவில் ஒரு ஆட்டம், அதிகம் போனால் இரண்டு. ஜெர்க் எதிரே வந்தால் வாசலில் கட்டிடங்களை அடைத்துக் கட்டி, ஒரு ஆள் நிற்கும் சந்து மட்டும் விடுவேன். அதில் ஒரே ஒரு ஜெலட், நகராதே என்ற கட்டளையோடு. தாழ்ப்பாள் மாதிரி. நேற்று ஆறு ஜெர்க்ளிங் வந்து முட்டின. கட்டளை கொடுக்க மறந்துபோயிருந்தேன். முதல் ஜெர்க்ளிங்கைத் துரத்திக்கொண்டு அவன் வெளியே போய்விட்டான், மற்ற ஐந்தும் உள்ளே வந்துவிட்டன.