"உப்பு குறைவு" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் நீச்சல் குளத்தை உப்பளமாக்கிய கதை

ஈசிஆரில் கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் வீடு. பின்பக்கம் 8 மீட்டருக்கு 4 மீட்டரில் ஒரு குளம், ஏறக்குறைய 40,000 லிட்டர் பிடிக்கும். போன மார்ச் வரை தோட்டக்கார அண்ணன்தான் குளோரின் தூளை அளந்து போட்டுக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது, உப்புக் குளோரினேட்டர் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி ஆனது.

விலை பேச வந்தவர் வாயைத் திறந்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். "இனிமே குளோரினே கிடையாது மேடம், வெறும் உப்புத் தண்ணிதான்" என்றார். சுத்தப் பொய். அந்தக் கருவி தயாரிப்பதே குளோரினைத்தான். உப்பு கரைந்த தண்ணீர் செல் என்கிற அதன் குழாய்ப் பகுதிக்குள் இருக்கும் டைட்டானியம் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் பாய்ந்து, உப்பிலுள்ள குளோரைடு குளோரினாகிறது. கிருமியைக் கொன்று முடித்ததும் அது மறுபடி குளோரைடாகிவிடும். அதனால் போட்ட உப்பு எங்கேயும் போவதில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியானாலும் உப்பு குளத்திலேயே தங்கும். பேக்வாஷ் (ஃபில்டரைக் கழுவி அந்தத் தண்ணீரை வெளியே விடுவது) விட்டால், பிள்ளைகள் குதித்துத் தண்ணீர் வெளியே தெறித்தால், மழையில் குளம் நிரம்பி வழிந்தால் மட்டும்தான் குறையும். இந்த ஒரு விஷயம் அன்றைக்கே தெரிந்திருந்தால் என் பணம் தப்பியிருக்கும்.

மொத்தம் 1,42,000 ரூபாய். பாதித் தொகைக்குத்தான் பில் கொடுத்தார்கள். வரி மிச்சம் என்று நானும் தலையாட்டினேன், அது என் தப்பு.

பழைய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு போர் தண்ணீரை நிரப்பச் சொன்னார். இந்தப் பக்கத்தில் கடல் உள்ளே ஏறி, போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். உப்பு போடுவதற்கு முன்னால் அதில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 1,000 லிட்டருக்கு 1 கிலோ போட்டால் 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) ஏறும். எங்கள் கருவிக்கு வேண்டியது 3,200 முதல் 3,500 வரை. எங்கள் போரில் 900 இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. ஆக, 100 கிலோ போதும். அவர் முதல் நாளே 150 கிலோ கொட்டினார்.

அதுவும் என்ன உப்பு? "இம்போர்ட்டட் பூல் சால்ட்" என்று 25 கிலோ மூட்டைக்கு 1,150 ரூபாய் வாங்கினார். மூட்டையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, வாயை மறுபடி தைத்த தடம் மட்டும் இருந்தது. தோட்டக்கார அண்ணனுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, இது எங்க ஊரு உப்பும்மா. பாத்தியில இருந்து அப்படியே அள்ளிட்டு வந்திருக்காங்க." தூத்துக்குடி உப்பு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சுத்திகரித்த, அயோடின் கலக்காத உப்பாக இருந்தால் அங்கிருந்து வந்தாலும் குளத்துக்கு ஆகும். வாரிக் கொட்டிய கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் கால்சியமும் சேர்ந்தே வரும். செல் தகடுகளுக்கு அது ஆகவே ஆகாது.

மூன்றாவது வாரம் கருவியில் "உப்பு குறைவு" விளக்கு எரிந்தது. தண்ணீரும் லேசாகப் பாசி நிறம் காட்டியது. போன் செய்தால் ஆள் வந்து இரண்டு மூட்டை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் மறுபடி அதே விளக்கு, மறுபடி இரண்டு மூட்டை. இரண்டாம் தடவை வந்தபோது செல்லைக் கழற்றி, தகடுகளில் படிந்திருந்த வெள்ளையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். அந்தச் சத்தம் எனக்குப் பல்லைக் கூச வைத்தது. கேட்டதற்கு, "இதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்குப் புரியாது" என்றார்.

ஏணியில் துரு பிடித்தது. பேக்வாஷ் தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்றும் அவரே சொல்லியிருந்தார். முருங்கை இலை ஓரமெல்லாம் கருகி, மல்லிகைப் பந்தல் ஒரே மாதத்தில் பட்டுப்போனது. காலையில் பம்ப் போட்டதும் குளத்துக்குள் தண்ணீர் வரும் துளைகளில் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். "ஏர் லாக்" என்றார். அதையும் நம்பினேன்.

ஜூன் மாதம் என் கொழுந்தன் வந்தார். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்பு வேலை பார்ப்பவர். கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியில் உப்பை அளந்தார். 6,800. உப்பு குறைவு என்று விளக்கு எரிகிற குளத்தில் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு உப்பு!

"அண்ணி, இந்த மிஷின் உப்பை நேரா அளக்கிறதில்லை. செல்லுல எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பார்த்து கணக்குப் போடுது. தகட்டுல சுண்ணாம்பு படிஞ்சாலும், மேல்பூச்சு தேஞ்சாலும் கரண்ட் குறையும். அதுக்கும் உப்பு குறைவுன்னுதான் காட்டும்" என்றார். அந்த விளக்கு எரிந்தால் முதலில் தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அடுத்து செல்லைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பு மூட்டையைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது) செல்லைக் கொஞ்ச நேரம் ஊற வைத்தார். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. உள்ளே பார்த்தால் சுரண்டிய கோடுகள் தனியாகத் தெரிந்தன. ஸ்க்ரூ டிரைவர் எட்டவே முடியாத நடுத் தகடுகளிலும் மேல்பூச்சு தேய்ந்து ஓரமெல்லாம் வெளிறிக் கிடந்தது. ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய அந்த மேல்பூச்சுதான் செல்லின் உயிர். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து வருடம் வரை வரும். மூன்று மாதத்தில் இப்படித் தேயாது. செல்லின் அடியில் எண் ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. யார் வீட்டிலோ ஓடி ஓய்ந்த செல்லைப் புதுப் பெட்டியில் வைத்து எனக்கு விற்றிருக்கிறார்கள்.

இதெல்லாம் பண நஷ்டம். அடுத்து கொழுந்தன் காட்டியதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்ணீர் ஓடாதபோது கருவியை நிறுத்த ஃப்ளோ ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஸ்விட்சைக் குழாய் வளைவை ஒட்டியே மாட்டியதால் ஓயாமல் அலாரம் அடித்திருக்கிறது. நேரான குழாய்க்கு மாற்றாமல் அலாரத்தின் வாயையே கட்டிவிட்டார்கள். கருவிக்குக் கரண்டும் பம்ப் டைமர் வழியாக வரவில்லை, தனி பிளக்கில் இருந்தது. பம்ப் நின்ற பிறகும் இரவெல்லாம் செல் ஓடியிருக்கிறது. குளோரினோடு சேர்ந்து ஹைட்ரஜனும் உண்டாகும். தண்ணீர் ஓடினால் அது அடித்துக்கொண்டு போய்விடும், ஓடாவிட்டால் குழாய்க்குள் தேங்கும். ஒரு பொறி போதும், செல்லே வெடித்துச் சிதறும். காலையில் வந்த குமிழி அதுதான். அந்த பம்ப் ரூமில்தான் தோட்டக்கார அண்ணன் பீடி பற்ற வைப்பார்.

உங்கள் வீட்டில் இந்தக் கருவி இருந்தால் இன்றைக்கே பம்பை நிறுத்திப் பாருங்கள். கருவியும் கூடவே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தண்ணீர் ஏன் பாசி பிடித்தது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. கரண்ட் பில் ஏறாமல் இருக்க பம்ப் 4 மணி நேரம் ஓடினால் போதும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். பெட்டியில் போட்டிருப்பது மணிக்கு 12 கிராம் குளோரின். பம்ப் ஓடும் 4 மணி நேரத்துக்கு 48 கிராம், எங்கள் குளத்துக்கு 1.2 பிபிஎம்தான். புது செல்லாக இருந்தாலும் அவ்வளவுதான். வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் பழைய தண்ணீரோடு போய்விட்டதால் நம்மூர் வெயில் அதையும் மத்தியானத்துக்குள் தின்றுவிடும். இந்தக் கருவி ஓட ஓட பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறும், அடிக்கடி பார்த்து ஆசிட் விட வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அது 8-ஐத் தாண்டி நின்றது. சுண்ணாம்பு படிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீரில் பாதிக்கு மேல் இறைத்து, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். உப்பைக் குறைக்க வீட்டில் வேறு சுலபமான வழி கிடையாது.

விற்றவரைக் கேட்டேன். முதலில் "புது செல்தான் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். படங்களைப் போட்டதும், "நீங்க ஆசிட் ஊத்திக் கெடுத்துட்டீங்க" என்றார். அதற்கடுத்து, பாதி விலைக்கு வேறு செல் தருகிறேன் என்று இறங்கி வந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன், அவர்களுக்கும் அதே ஆசிட் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கையில் இருப்பவை அந்தப் பாதி பில், யூபிஐ ரசீதுகள், அந்தக் குரல் பதிவு, எண் ஒட்டிய காலிப் பெட்டி, எண் இல்லாத செல். நல்ல வேளை, பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை.

கடைசியாக வந்ததில் ஒரு மூட்டை பிரிக்காமல் மிஞ்சியிருக்கிறது. அதை என்ன செய்வது என்று தோட்டக்கார அண்ணனைக் கேட்டேன். வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"மாங்கா ஊறப் போடக்கூட ஆகாதும்மா. பாதி மண்ணு."