பைப்பிரிடினா, ஃபினாந்த்ரோலினா?

இடைநிலை உலோகத்தை நைட்ரஜனால் பிடிக்க ஒரு ஈனி (உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு) வேண்டுமென்றால், ஆய்வகத்தில் பெரும்பாலும் கை போவது 2,2'-பைப்பிரிடினுக்கு, இல்லையென்றால் 1,10-ஃபினாந்த்ரோலினுக்கு. நிக்கல் சேர்மங்களுக்கு இரண்டு வருடம் பைப்பிரிடினை வைத்தே வேலை செய்துவிட்டு, அப்புறம் ஃபினாந்த்ரோலினுக்கு மாறினேன். திரும்பிப் போக மனமில்லை.

பொதுவானதைச் சட்டென்று சொல்லிவிடலாம். இரண்டிலும் இரண்டு நைட்ரஜன்கள் தங்கள் தனித்த எலக்ட்ரான் இரட்டைகளைக் கொடுத்து உலோகத்தோடு ஐந்தணு வளையம் கட்டும். காலியாக இருக்கும் பை-ஸ்டார் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் வந்து அமரக்கூடிய காலி இடத்தில்) உலோகத்திடமிருந்து கொஞ்சம் எலக்ட்ரானை வாங்கியும் கொள்ளும். மஞ்சளான நிக்கல்-சைக்ளோஆக்டாடையீன் கரைசலில் பைப்பிரிடினைப் போட்டதும் அடர் ஊதாவாக மாறுவதைப் பார்த்தால் இது புரியும்; உலோகத்தின் எலக்ட்ரான் ஈனிக்குத் தாவுவதால் வரும் நிறம் அது.

வித்தியாசம் நடுவில் இருக்கும் ஒரே ஒரு பிணைப்பில்தான். பைப்பிரிடினின் இரு வளையங்களும் அந்தப் பிணைப்பைச் சுற்றித் திரும்பக்கூடியவை. சும்மா இருக்கும்போது நைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும், உலோகத்தைப் பிடிக்க ஒரு வளையம் திரும்பியாக வேண்டும். ஃபினாந்த்ரோலினில் நடு வளையம் இரண்டையும் ஒரே பக்கமாகப் பூட்டிவைத்திருக்கிறது. இரும்பு(II) மூன்று ஈனிகளைச் சேர்த்துக்கொள்ளும்போது நிலைப்புத்தன்மை மாறிலியின் (பிடி எவ்வளவு உறுதி என்று சொல்லும் எண்ணின்) பத்தடி மடக்கை பைப்பிரிடினுக்குச் சுமார் 17, ஃபினாந்த்ரோலினுக்குச் சுமார் 21. அதாவது பத்தாயிரம் மடங்கு!

எனக்கு அதைவிட முக்கியமானது வேறு. பைப்பிரிடினில் திரும்பி வந்த வளையம் திரும்பியும் போகும். ஒரு நைட்ரஜன் விட்டுவிட்டு, வளையம் புரண்டு, 3ஆம் கார்பனின் ஹைட்ரஜனை இழந்து உலோகத்தோடு கார்பன் பிணைப்பு போட்டுக்கொள்வது உண்டு. 1970களில் ஒரு இரிடியம் சேர்மத்தில் மூன்றாவது பைப்பிரிடின் ஒற்றை நைட்ரஜனால் தொங்குவதாக நினைத்தார்கள், படிக அமைப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் அது கார்பனால் பிணைந்திருப்பது தெரிந்தது. கரிம உலோகச் சேர்மம் (உலோகமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்தது) செய்பவருக்கு, ஈனியே வினையில் இறங்கிவிடுவது பெரிய தலைவலி. ஃபினாந்த்ரோலினில் இப்படிப் புரள வழியே இல்லை.

பைப்பிரிடினுக்கும் நியாயம் உண்டு. சாதாரண கரைப்பான்களில் எளிதாகக் கரையும், டெர்ட்-பியூட்டைல் தொகுதிகள் (கிளைவிட்ட நாலு கார்பன் துண்டுகள்) வைத்ததோ இன்னும் நன்றாக. இரிடியத்தை வினையூக்கியாக வைத்துச் செய்யும் போரைலேற்றத்தில் (கார்பனில் போரான் தொகுதியை இணைக்கும் வினையில்) 2002இல் இஷியாமா, ஹார்ட்விக், மியாவுரா குழுவினர் பயன்படுத்தியதும் அந்த டெர்ட்-பியூட்டைல் வகையைத்தான். இரிடியத்தில் நான் கைவைத்தது இரண்டே தடவை, எனவே அங்கே என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபினாந்த்ரோலின் வாங்கினால் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மூலக்கூறு தண்ணீரோடுதான் வரும். முதல் தடவை நான் அப்படியே போட்டு, சேர்த்த மெத்தில்லித்தியம் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து மீத்தேனாகக் கொப்பளித்துப் போனது, ஒரு நாள் வேலை வீண். இப்போது வெற்றிடத்தில் மெதுவாகச் சூடாக்கி உலர்த்தி, காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸுக்குள் தனிப் புட்டியில் வைத்துக்கொள்கிறேன்.